கத்தவும் படிக்க வேண்டும்

எங்கள் மூத்தவன் ஒரு மெற்றல் பாண்டில் பாடுகிறான். "பாடுகிறான்" என்று எழுதினதை மனிசி பார்த்தால் சிரிப்பா. கத்துகிறான். வாரத்தில் இரண்டு நாள் அவனும் ஒரு போலந்துப் பெடியனும் இரண்டு டொச்சுக்காரப் பெடியளும் கெலருக்குள் (நிலவறைதான், பேர்லின்காரருக்குத் தெரியும்) இறங்கினால் மேலே மூன்றாம் மாடி வரைக்கும் அதிரும்.

போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் நின்றவ. ஒருநாள் பின்னேரம் இவன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தான். அம்மா படுக்கையால் எழும்பி, சீலைத் தலைப்பைப் பிடித்தபடி ஓடிவந்து "ஆரடா செத்தது?" என்று கேட்டா. மற்ற நேரமென்றால் வீடே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் என்னுடைய பிரச்சினையும் அதுதான். 1995 யூலை 9, நவாலித் தேவாலயத்தில் குண்டு போட்ட அன்று நாங்கள் மானிப்பாயில் இருந்தோம். மாமாவோடு சைக்கிளில் போனேன். அங்கே கேட்டதை இங்கே எழுதப்போவதில்லை. மனிசர் கத்துவதை ஒரு கலை என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டு வரும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஆனால் பிள்ளை என்ர பிள்ளை. ஒரு மாதத்தில் அவனுடைய தொண்டை கட்டிவிட்டது. காலையில் "அப்பா" என்று கூப்பிட்டால் காற்றுத்தான் வந்தது. காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிசி மூக்குக்குள்ளால் மெல்லிய கமெராவை விட்டு எங்களுக்கும் திரையில் காட்டினா. இரண்டு குரல்நாணும் சிவந்து வீங்கியிருந்தன. நல்லகாலம், முடிச்சு இன்னும் வரவில்லை. "இனிக் கத்தக்கூடாது" என்று சொல்லுவா, நானும் நிம்மதியாக வீட்டை போகலாம் என்று பார்த்தால், "கொஞ்ச நாள் ஓய்வு. பிறகு ஒரு ஆசிரியரைப் பிடி, முறையாகக் கத்தப் பழகு" என்றா. கத்துவதற்கு ஆசிரியரோ!

நான் யாழ்ப்பாணக் கம்பசில் விலங்கியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து குசினிக்குள் நிற்கிறவன். ஆனாலும் படித்த புத்தி போகாது. இரவு வேலை முடிந்து வந்து தேடத் தொடங்கினேன்.

ஆண்கள் சாதாரணமாகக் கதைக்கும்போதே குரல்நாண் இரண்டும் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று முட்டுகின்றன. தொண்டையை இறுக்கி, கீழேயிருந்து காற்றைத் தள்ளி அடித்தால் அந்த முட்டல் அறைதலாக மாறுகிறது. அதனால்தான் வீக்கமும் முடிச்சும். உயிரோடிருக்கும் மனிதனின் குரல்நாண் வேலை செய்வதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பதிந்த பெருமை ஒரு டொக்டருடையது அல்ல, பாட்டு வாத்தியாருடையது. 1854இல் மனுவேல் கார்சியா பரிசில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் பிடித்து, வெயில் வெளிச்சத்தில் தன்னுடையதையே பார்த்தார். (அந்த மனிசன் நூற்றியொரு வயது வரைக்கும் இருந்தது.)

குரல்நாணுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது. போலிக் குரல்நாண் என்று பெயர். கதைக்கும்போது அது சும்மாதான் நிற்கும். சைபீரியாப் பக்கத்துத் தூவா மக்கள் கர்கிரா என்று ஒரு அடித்தொண்டைப் பாட்டுப் பாடுவார்கள், அதிலே இந்த மடிப்பும் சேர்ந்து அதிரும். நல்ல மெற்றல் பாடகர்களின் உறுமலிலும் குரல்நாணுக்கு மேலே உள்ள பகுதிகள்தான் பெரும்பாடு படுகின்றன. 2020களில் லோர்ணா ஷோர் குழுவின் வில் றாமோஸ் தன் தொண்டைக்குள் கமெரா விட இடம் கொடுத்தார். அந்த வீடியோவில் மேல்பகுதி முழுக்கச் சுருங்கி, முறுகி, அதிர்வதைப் பார்க்கலாம். சாப்பிட்டுக்கொண்டு பார்க்காதீர்கள்.

இன்னொரு விசயம், எனக்குப் புதினமாக இருந்தது. நன்றாகச் செய்கிறவர்கள் நாங்கள் நினைக்கிற அளவு பலமாகக் கத்துவதில்லை. மூச்சை வயிற்றாலும் விலாவாலும் பிடித்து அளந்து விடுகிறார்கள். மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் தொடக்கத்தில் அந்தப் பெடியளுக்குத் தெரியாது. 1985இல் பொசெஸ்ட் குழுவின் செவன் சேர்ச்சஸ், 1987இல் புளோரிடாவிலிருந்து டெத் குழுவின் முதல் இசைத்தட்டு, அதே வருடம் பேர்மிங்காமிலிருந்து நேபாம் டெத்தின் ஸ்கம். (இந்தக் கடைசி இசைத்தட்டில் 1.316 செக்கனில் முடிகிற ஒரு பாட்டு இருக்கிறது. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எங்கட பெடியளின் ரிங்ரோன் அதைவிட நீளம்.) இருபது வயது கூட ஆகாத பிள்ளைகள், கசெற்றைக் கேட்டுக் கேட்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது. வாத்தியார் கிடையாது. சிலருக்குத் தற்செயலாகச் சரியான வழி பிடிபட்டது, சிலருக்குத் தொண்டை போனது. 2007இல் கூட ஒல்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், பிழையாக உறுமி வீக்கத்தோடும் சதை வளர்ச்சியோடும் வந்த பெடியளுக்கு வைத்தியம் பார்த்த செய்தி வந்தது. நியூயோர்க்கில் மெலிசா குறொஸ் என்ற குரல் ஆசிரியை 2005இல் இதற்கென்றே ஒரு டிவிடி வெளியிட்டா. ஆர்ச் எனிமியில் 2000இல் சேர்ந்த அஞ்செலா கொசோவ், எங்கட கேர்ள்ன் நகரத்துப் பிள்ளை, குரல்நாணில் முடிச்சு வந்து அவவிடம் படித்துத் திருத்திக்கொண்டவ. அதற்குப் பிறகு 2014 வரைக்கும் அந்தக் குழுவில் கத்தினா.

இவ்வளவும் படித்து முடிய, வேறொரு பக்கத்தால் ஒரு பெயர் வந்து விழுந்தது. அதற்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன்.

நான் வேலைக்குப் போகிற வழியில் சார்லொட்டன்பூர்க்கில் வீலாண்ட் தெரு 15ஆம் இலக்க வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் ஒரு பித்தளைக் கல் பதித்திருக்கிறது. சார்லொட்டே சாலொமொன். 1943இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்ட யூத ஓவியர், வயது 26. பிரான்சின் தெற்கில் அகதியாக ஒளிந்திருந்தபோது தன் வாழ்க்கையை நூற்றுக்கணக்கான ஓவியங்களாக வரைந்து விட்டுப் போனவ. அந்த ஓவியங்களில் டாபர்லோன் என்று ஒரு பாட்டு வாத்தியார் திரும்பத் திரும்ப வருகிறார். உண்மையில் அவர் அல்ஃப்ரெட் வொல்ஃப்சோன், சார்லொட்டேயின் சிறிய தாயாரான பாடகி பவுலா லிண்ட்பேர்க்குக்குக் குரல் பயிற்சி கொடுக்க அந்த வீட்டுக்கு வந்துபோனவர்.

வொல்ஃப்சோன் 1896இல் பேர்லினில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களைத் தூக்குகிற வேலை. பதுங்குகுழிகளில் செத்துக்கொண்டிருந்தவர்கள் கத்திய கத்தல் போர் முடிந்து ஊருக்கு வந்த பிறகும் அவருடைய காதை விட்டுப் போகவில்லை. வைத்தியம் சரிவரவில்லை. கடைசியில் அவர் செய்தது என்ன தெரியுமா? காதைப் பொத்தவில்லை. அந்தச் சத்தங்களைத் தானே தன் தொண்டையால் எழுப்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல, அடியிலிருந்து உச்சி வரைக்கும். காதுக்குள் கேட்டது அடங்கியது. பிறகு மற்றவர்களுக்கும் பழக்கத் தொடங்கினார். ஆணின் குரல் இவ்வளவு, பெண்ணின் குரல் இவ்வளவு என்று வேலி போட்டது நாங்கள்தான், தொண்டை அல்ல என்பது அவருடைய வாதம்.

1939இல் அவரும் அகதி. லண்டனுக்குப் போனார். அங்கே அவருடைய மாணவர்கள் எழுப்பிய ஒலிகள் 1956இல் இசைத்தட்டாகவே வந்தன. 1962இல் இறந்தார். அவருடைய மாணவர் றோய் ஹார்ட், தென்னாபிரிக்காக்காரர், வேலையைத் தொடர்ந்தார். பீற்றர் மக்ஸ்வெல் டேவிஸ் 1969இல் பைத்தியமான மன்னன் ஒருவனைப் பற்றி எழுதிய எட்டுப் பாட்டுகளை இந்த றோய் ஹார்ட்டின் குரலை நினைத்துத்தான் எழுதினார். உறுமல், கீச்சல், ஒரே தொண்டையில் பல சுரம், எல்லாம் அதில் இருக்கிறது. ஹார்ட்டின் குழு பிரான்சின் தெற்கில் மலெரார்க் என்ற இடத்துக்குக் குடிபோனது. 1975இல் அவர் கார் விபத்தில் செத்தார். அந்த இடத்தில் இன்றைக்கும் குரல் பழக்குகிறார்கள்.

வொல்ஃப்சோனிடமிருந்து மெற்றலுக்கு நேராக ஒரு கோடு இழுக்க நான் வரவில்லை. அப்படி ஒன்று இல்லை. புளோரிடாப் பெடியளுக்கு அவரை ஆரென்றே தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் இசைத்தட்டுப் போடுவதற்கு ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னமே, கத்தலைப் பயந்து பூட்டி வைக்காமல் பழக்கலாம் என்று ஒருவர் கண்டிருக்கிறார். அதுவும் செத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு.

மூத்தவனிடம் இதைச் சொன்னேன். "ஆர் அது, எந்த பாண்ட்?" என்றான். பிறகு அந்த ஓவியங்களைக் காட்டினேன், கன நேரம் பார்த்தான்.

இப்போது அவனுக்கு ஒரு ஆசிரியை இருக்கிறா. முதல் இரண்டு மாதமும் கத்தவே விடவில்லை. மூச்சு, உதடு நடுங்க ஊதுவது, கதவு கிறீச்சிடுவது மாதிரி மெல்லிய சத்தம். தொண்டை அரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்து, அடுத்தநாள் காலையில் குரல் சரியாக இருந்தால்தான் முந்தினநாள் செய்தது சரி. இதுதான் அவவின் கணக்கு. அரை மணித்தியாலத்துக்கு முப்பது யூரோ. நான் குசினிக்குள் இருபது வருடமாக ஓடர் கத்தித் தொண்டையைக் கெடுத்ததுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கவில்லை.

ஒருநாள் கெலருக்குள் நின்று கேட்டான், "அப்பா, நவாலியில அண்டைக்கு நீங்களும் கத்தினீங்களோ?"

இல்லை என்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு மூச்சை எப்படிப் பிடிப்பது என்று காட்டினான். கையை விலாவில் வைக்கச் சொன்னான். செய்து பார்த்தேன். பழைய லொறி ஸ்ரார்ட் வராமல் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. போலந்துப் பெடியன் கைதட்டினான்.

வருகிற சனிக்கிழமை இளைஞர் மண்டபத்தில் இவர்களுடைய நிகழ்ச்சி. அன்றைய வேலையை ஞாயிறுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "அவனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடு" என்றா.