தீர்ப்புக்கு முன் ஜப்தி: தவறினால் ஈடு யார் தருவது?

1975 ஜூனில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடக்கிவைத்த பணம் இந்திய அரசு செலுத்திய பணம். மரேவா என்ற கப்பலைக் கால வாடகைக்கு எடுத்த ஒரு நிறுவனம், அதை உரம் ஏற்றிவரக் குடியரசுத் தலைவர் பெயரில் நம் அரசுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. போர்தோ துறைமுகத்தில் சரக்கு ஏறியதும் இந்திய ஹைகமிஷன் கட்டணத்தில் 90 சதவீதத்தைச் செலுத்த, 1,74,000 பவுண்டு லண்டன் வங்கி ஒன்றில் வாடகைதாரர் கணக்கில் சேர்ந்தது. அதிலிருந்து கப்பல் உரிமையாளருக்கு இரண்டு தவணை வாடகை போயிற்று. மூன்றாவது தவணை வரவில்லை. தொழிலையே நிறுத்துகிறோம் என்று டெலக்ஸ் வந்தது. மிச்சப் பணம் எந்த நேரமும் நாட்டைவிட்டுப் போய்விடலாம் என்ற நிலையில், டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை ஆணையை நீட்டித்தது.

கடன் நிரூபணமாகும்வரை பிரதிவாதியின் சொத்தில் வாதி கைவைக்க முடியாது என்று 1890-இல் லிஸ்டர் எதிர் ஸ்டப்ஸ் வழக்கில் வகுக்கப்பட்ட விதி அன்று ஆட்டம்கண்டது. 1981-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய வழக்கத்தைச் சட்டமாகவே ஏற்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1999-இல், குரூப்போ மெக்சிக்கானோ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பழைய விதியிலேயே நின்றுகொண்டது.

இந்தியாவுக்கு இந்தத் தடுமாற்றம் தேவைப்படவில்லை. டென்னிங் தேடி எடுத்த அதிகாரம் இங்கே 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 38, விதி 5-இல் எழுத்தில் இருந்தது. அதன் அமைப்பும் கண்ணியமானது. பிரதிவாதி தீர்ப்பாணையின் நிறைவேற்றத்தைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் நோக்கத்தோடு சொத்தை விற்கவோ அப்புறப்படுத்தவோ இருக்கிறார் என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். பிறகு அவரிடம் பிணையம் கேட்க வேண்டும், அல்லது ஏன் தரத் தேவையில்லை என்று காரணம் காட்டச் சொல்ல வேண்டும். இடையில் நிபந்தனை ஜப்தி செய்யலாம். இந்த நடைமுறையை மீறிய ஜப்தி செல்லாது என்று 1976 திருத்தம் உபவிதி 4-ஐயும் சேர்த்தது. விவசாயியின் விளைச்சலைத் தீர்ப்புக்கு முன் தொடக்கூடாது என்கிறது விதி 12.

ஏட்டில் இவ்வளவு காவல் இருந்தும் நடப்பில் இது தளர்ந்துபோவதற்குக் காரணம் பிரமாணப் பத்திரம். ‘பிரதிவாதி தன் சொத்துகளை அவசர அவசரமாக விற்க முயல்வதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் மூலம் அறிகிறேன்’ என்ற ஒற்றை வரி ஊருக்கு ஊர் மாறாமல் வருகிறது. எந்தச் சொத்து, யாருக்கு, யார் சொன்னது என்பதெல்லாம் அதில் இராது. இப்படி விதியின் வாசகத்தையே திருப்பிச் சொல்வது போதாது, தகவலின் ஊற்றைச் சொல்ல வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் பிரேம்ராஜ் முந்த்ரா வழக்கில் விரிவாகவே எழுதியது. தீர்ப்பு 1951-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகப் பேசியது: இது கடுமையான, அசாதாரணமான அதிகாரம், பிணையில்லாக் கடனைப் பிணையுள்ள கடனாக மாற்றித் தருவது இதன் வேலையன்று.

இந்தக் கண்டிப்பு நிலைத்ததா? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு இருநீதிபதி அமர்வுகள், நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தில் இடைக்காலப் பாதுகாப்பு தரும் பிரிவு 9 தொடர்பாக, இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரண்டு திசையில் போயின. சொத்து கரையும் வலுவான வாய்ப்பு இருந்தாலே போதும், ஆணை 38-இன் நிபந்தனைகள் அப்படியே பொருந்த வேண்டியதில்லை என்றது எஸ்ஸார் ஹவுஸ் தீர்ப்பு. நிபந்தனைகள் நிறைவேறாமல் பணத்துக்குப் பிணையம் கேட்க முடியாது என்றது சங்கி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு. கீழ் நீதிமன்றங்களில் இன்று வக்கீல்கள் தமக்கு வாய்ப்பானதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

விவாதம் முழுவதும் ஆணை எப்போது தரலாம் என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் என் குறை. தந்தது தவறாகிவிட்டால் என்ன என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் முடக்க ஆணை கேட்பவர், அது தகாதது என்று பின்னால் தெரிந்தால் பிரதிவாதிக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுகட்டுவதாக நீதிமன்றத்துக்கு உறுதிமொழி தர வேண்டும். அதற்கு உச்சவரம்பு இல்லாமல் இருப்பதே வழக்கம்; தேவையானால் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். இங்கே அதற்கான இடத்தில் இருப்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 95. போதிய காரணமின்றி ஜப்தி பெற்றவர் தர வேண்டிய ஈட்டுக்கு 1908-இல் 1,000 ரூபாய் உச்சவரம்பு. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 50,000 ஆக்கியது. கணக்கு முடங்கியதால் ஒரு சிறு ஆலை கூலி கொடுக்க முடியாமல், ஏற்றுமதி ஆர்டரை இழந்து, வங்கியில் வாராக்கடன் பட்டியலில் ஏறிய பிறகு கையில் கிடைப்பது அதிகபட்சம் இவ்வளவுதான். இந்தப் பிரிவின் கீழ் ஈடு கேட்டுப் போட்ட விண்ணப்பத்தில் முடிவு வந்துவிட்டால் அதே ஜப்திக்காகத் தனி வழக்கும் போட முடியாது. விண்ணப்பிக்காமல் தனி வழக்குக்குப் போனாலோ வாதியின் தீய நோக்கத்தை நிரூபிக்கும் சுமை வந்து சேர்கிறது.

ஆகவே நிபந்தனையைத் தளர்த்த விரும்பும் நீதிமன்றம் முதலில் உறுதிமொழி வாங்கட்டும். பிரிவு 95 தடையாக நிற்கும் என்று சொல்லப்படலாம். அதன் வரம்பு அந்தப் பிரிவின் கீழ் வழங்கும் தொகைக்குத்தான்; நீதிமன்றத்துக்கு வாதி தானாகத் தரும் வாக்குறுதியை அது கட்டுப்படுத்தாது. ஜப்தியை மறுக்க விருப்புரிமை உள்ள நீதிமன்றத்துக்கு நிபந்தனையோடு தரவும் உரிமை உண்டு.

ஏழை வாதி என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஆலன் எதிர் ஜாம்போ ஹோல்டிங்ஸ் வழக்கில், விமானத்தின் விசிறி தாக்கி இறந்தவரின் மனைவி சட்ட உதவியில் வழக்காடினார். அவருடைய உறுதிமொழிக்குப் பணமதிப்பு ஏதும் இல்லை. அந்த விமானம் இங்கிலாந்தைவிட்டுப் போனால் வேறு சொத்தும் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் விமானத்தை நிறுத்திவைத்தது. பிணையம் கொடுத்து மீட்டுக்கொள்ளும் வழி உரிமையாளருக்கு இருந்தது. உறுதிமொழியை விதியாக்கி, இத்தகைய விலக்கைக் காரணம் எழுதி வழங்குவது நம் வணிக நீதிமன்றங்களுக்கு இன்றே முடியும். நாடாளுமன்றத் திருத்தம் தேவையில்லை.