ஹோயா

ஹோயா, எருக்கின் குடும்பமான அப்போசைனேசியைச் சேர்ந்த கொடிப் பேரினம். இலையும் பூவும் மெழுகில் வார்த்தவைபோல் மினுங்குவதால் மெழுகுக் கொடி என்றும் சொல்வர். வீடுகளில் அதிகம் வளர்வது ஹோயா கார்னோசா. தென்சீனா, தைவான், ஜப்பானின் தென்பகுதித் தீவுகள் இதன் தாயகத்தில் அடங்கும். நார்தம்பர்லாந்து கோமகனின் சயான் மாளிகைத் தோட்டக்காரர் தாமஸ் ஹாயைச் சிறப்பிக்கும் வகையில், தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810-இல் பேரினத்துக்கு ஹோயா என்ற பெயரை இட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயா வைட்டி போன்ற இனங்கள் இயல்பாக வளர்கின்றன.

கார்னோசாவின் பூக்கள் குடைபோன்ற கொத்தாக விரியும். வெளிர் இளஞ்சிவப்பு நட்சத்திரம் ஒவ்வொன்றின் நடுவிலும் செந்நிறமான இன்னொரு சிறு நட்சத்திரம் அமர்ந்திருக்கும். மணம் மாலைக்குப் பின் கூடும். மூடிய அறையில் சிலருக்கு அது திகட்டவும் செய்யும். தேன் துளித்துச் சொட்டுவதால் துணி, புத்தகங்களுக்கு மேலே தொங்கவிடக் கூடாது.

காட்டில் இது மரங்களைப் பற்றிப் படரும் தொற்றுச்செடி. அதை மனத்தில் கொண்டால் வளர்ப்பு முறை தானே விளங்கும். வேருக்குக் காற்று வேண்டும். வெறும் தோட்டமண் ஆகாது. தென்னைநார்த் துண்டு, மரக்கரி, பெர்லைட் கலந்த கலவையும் அடியில் துளையுள்ள சிறிய தொட்டியும் ஏற்றவை. பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். கலவை பெரிதும் காய்ந்த பிறகே நீர் ஊற்றலாம். சதைப்பற்றுள்ள இலை நீரைச் சேமித்து வைப்பதால் ஓரிரு நாள் தாமதம் கெடுதல் செய்யாது. குளிர்காலத்தில் நீரை இன்னும் குறைத்து, சற்றுக் குளிர்ந்த இடத்தில் ஓய்வு தருவது அடுத்த பருவப் பூப்புக்குத் துணைசெய்யும்.

இலை செழித்தும் பூக்காத கொடிக்குப் பெரும்பாலும் குறை வெளிச்சத்தில்தான். கிழக்குச் சன்னல் நல்லது. உச்சிவெயில் இலையைக் கருக்கும். கன்று முதன்முறை பூக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். அரும்பு கண்டபின் தொட்டியை இடம் மாற்றினால் அரும்புகள் உதிரக்கூடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, பூ உதிர்ந்தபின் எஞ்சும் மொட்டைக் காம்பை வெட்டாதிருப்பது. அடுத்த கொத்தும் அதே காம்பின் நுனியில்தான் வரும். பட்டுப்போனதென்று நறுக்கிவிடுவோர் வரவிருந்த பூவையே இழக்கிறார்கள். இலையின்றி நீளும் கொடிமுனையையும் விட்டுவைக்க வேண்டும். அது பற்றுக்கோடு தேடும் தண்டு. இலை பின்னர் வரும்.

மாவுப்பூச்சி இலைக்கக்கங்களில் ஒளியும்; சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். வெட்டினால் வடியும் பால் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். கணுவுள்ள தண்டுத்துண்டு நீரிலோ ஈரமான நாரிலோ வேர்விடும். இதய வடிவ இலையுள்ள ஹோயா கெர்ரியைப் பலவேளை ஒற்றை இலையாக நட்டு விற்கிறார்கள். கணு இல்லையென்றால் அந்த இலை வேர்பிடித்து ஆண்டுக்கணக்கில் பசுமையாக நிற்குமே தவிர, கொடியாகாது.