கொங்கு நாட்டில் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளும் ரேடியோ அதிர்வெண்களும்

ஸ்மார்ட் விளக்கு, சுவிட்ச், கதவு உணரி, தண்ணீர்த் தொட்டி உணரி, பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவை ரேடியோ அலைகள் வழியே இயங்குபவை. எந்த அதிர்வெண்ணில் உரிமம் பெறாமல் அலை பரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. அதனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வாங்கிவந்த கருவி கோயம்புத்தூரில் உள்ள கருவிகளோடு இணையாமல் போகலாம். இணைந்தாலும் இந்திய விதிகளுக்குப் புறம்பானதாக இருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நகர வீடுகளிலும், கிணறும் மோட்டாரும் வீட்டிலிருந்து தள்ளி இருக்கும் தோட்டங்களிலும் இச்சிக்கல் எழுகிறது.

வேறுபாட்டின் காரணம்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அலைக்கற்றைப் பங்கீட்டுக்காக உலகை 3 மண்டலங்களாகப் பிரித்துள்ளது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதல் மண்டலத்திலும், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவதிலும், இந்தியா மூன்றாவதிலும் அடங்கும். தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாட்டுக்கு என ஒதுக்கப்பட்ட 902–928 மெகாஹெர்ட்ஸ் பட்டை இரண்டாம் மண்டலத்துக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவின் பல வீட்டுக் கருவிகள் இதில்தான் இயங்குகின்றன.

இந்தியாவில் 890–915 மெகாஹெர்ட்ஸ், கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 869–889 மெகாஹெர்ட்ஸ் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் அலைகளுக்கானது. இரண்டும் கைபேசி நிறுவனங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் அலைக்கற்றைகள். வெளிநாட்டுக் கருவி இவற்றில் அலை பரப்பினால், ஆற்றல் குறைவாக இருந்தாலும், அது பிறருக்கு உரிமமான இடத்தில் நுழைவதாகும்.

இந்திய விதிகள்

1952-இல் அமைக்கப்பட்டு, இப்போது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு அலைக்கற்றையை நிர்வகிக்கிறது. வீட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை உரிமம் தேவைப்படாத முக்கியப் பட்டைகள் மூன்று.

2.4–2.4835 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-ஆம் ஆண்டு விதிகளால் உரிமத்திலிருந்து விலக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான நாடுகளிலும் இது திறந்திருக்கிறது.

865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் 2005-இல் திறக்கப்பட்டது. இதில் பரப்பியின் ஆற்றல் 1 வாட்டுக்கும், அலைக்கற்றை அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்கும் மிகக்கூடாது. 867–868 மெகாஹெர்ட்ஸையும் சேர்க்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தது. 2021-ஆம் ஆண்டு விதிகள் இப்பட்டையை 868 வரை நீட்டின.

433–434 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2012-இல் கட்டடத்துக்குள் பயன்படுத்துவதற்கென்று திறக்கப்பட்டது. 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவு விலை ரிமோட்டுகள் இதில் அடங்கும். அமெரிக்க ரிமோட்டுகளில் பரவலாக உள்ள 315 மெகாஹெர்ட்ஸ் அடங்காது.

தொழில்நுட்பங்கள்

இசட்-வேவ்: வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இம்முறையை டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் உருவாக்கியது. வட்டார வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது இதில்தான். இதன் முதன்மை அதிர்வெண்கள்:

- இந்தியா: 865.2 மெகாஹெர்ட்ஸ்
- ஐரோப்பா: 868.42 மெகாஹெர்ட்ஸ்
- அமெரிக்கா: 908.42 மெகாஹெர்ட்ஸ்
- ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: 921.42 மெகாஹெர்ட்ஸ்

அமெரிக்க அதிர்வெண் இந்தியக் கைபேசி அலைக்கற்றைக்குள் விழுகிறது. ஐரோப்பிய அதிர்வெண், 2021-இல் பட்டை நீட்டப்பட்ட பிறகும், 0.42 மெகாஹெர்ட்ஸ் வெளியே நிற்கிறது. புதிய மையக் கருவிகள் சிலவற்றில் மென்பொருள் வழியே வட்டாரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சுவிட்சு, உணரி போன்ற முனைக் கருவிகளின் அதிர்வெண் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்படுகிறது. மையம் 865.2-இலும் உணரி 908.42-இலும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

ஜிக்பீ, த்ரெட்: வீட்டுப் பயன்பாட்டில் இவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. 11 முதல் 26 வரை எண்ணிட்ட 16 தடங்கள் எங்கும் ஒன்றே. எனவே இவ்வகைக் கருவிகளுக்கு நாடு மாறுவதால் அதிர்வெண் சிக்கல் இல்லை. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலை த்ரெட், வைஃபை ஆகியவற்றின் மேல் அமைந்ததால் அதற்கும் இது பொருந்தும்.

வைஃபை: இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸின் 1 முதல் 13 வரையிலான தடங்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் பொதுவாக 11-ஆம் தடத்தோடு நின்றுவிடும். வீட்டு ரவுட்டர் 12 அல்லது 13-இல் இருந்தால் அமெரிக்காவில் வாங்கிய விளக்குக்கு அந்த வைஃபை தென்படாது. ரவுட்டரை 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

லோரா: குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்வது. இந்தியாவுக்கான இதன் அடிப்படைத் தடங்கள் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கப் பதிப்பு 915 மெகாஹெர்ட்ஸையும், ஐரோப்பியப் பதிப்பு 868 மெகாஹெர்ட்ஸையும் ஒட்டி அமைந்தவை.

கொங்கு நாட்டில் பயன்பாடு

கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் உற்பத்திக்குப் பெயர்பெற்ற நகரம். இந்த வட்டாரத்தில் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கு முன்பே பரவிய தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி மொபைல் ஸ்டார்ட்டர். சிம் அட்டை பொருத்திய இக்கருவியைத் தோட்டத்து மோட்டாரோடு இணைத்துவிட்டால், ஊரிலிருந்தே கைபேசியால் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் முடியும். மும்முனை மின்சாரம் வந்ததும் தகவல் தருவது, கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவது போன்ற வசதிகளும் உண்டு. கைபேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கிவருகிறது.

இங்கும் அதிர்வெண் குறுக்கிடுகிறது. இந்தியாவில் 2ஜி சேவை 900, 1800 மெகாஹெர்ட்ஸில் நடக்கிறது. அமெரிக்காவில் அது 850, 1900-இல் அமைந்தது. நான்கையும் தாங்கும் மோடம் உள்ள கருவியே இரு இடங்களுக்கும் பொருந்துவதாக இருந்தது. 2016-இல் தொடங்கிய ஜியோவில் 2ஜி சேவையே இல்லை என்பதால், 2ஜி மோடம் மட்டும் உள்ள ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் வேலை செய்யாது.

சாளை எனப்படும் தோட்டத்து வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே சில நூறு மீட்டர் இருந்தால் வைஃபை எட்டாது. 865 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நீளம் கூடிய அலை கான்கிரீட் சுவரையும் தென்னந்தோப்பின் இலைத்தழையையும் கடக்கும்போது குறைவாகவே வலுவிழக்கும். ஆகவே கிணற்று நீர்மட்டம், தொட்டி அளவு, சொட்டுநீர் வால்வு ஆகியவற்றுக்கு 865 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் ஏற்றவை.

சுங்கச்சாவடிகளின் பாஸ்டேக் ஒட்டுவில்லைகளும் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே படிக்கப்படுகின்றன. கோவை–சேலம் நெடுஞ்சாலையில் கணியூர் சாவடியில் நடப்பதும் இதுவே.

மின் அமைப்பு

அதிர்வெண் பொருந்தினாலும் மின்சாரம் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120 வோல்ட்டுக்கு மட்டுமே வடிவமைத்த அமெரிக்கச் சுவிட்சை இங்குப் பொருத்தினால் எரிந்துவிடும். அதன் அளவும் நம் சுவிட்ச் பெட்டிக்கு ஒத்துவராது. பல பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி இருக்காது. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு அது தேவை. மின்கலத்தில் இயங்கும் உணரிகளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

சான்றிதழும் தேர்வும்

உரிமம் தேவைப்படாத பட்டையில் இயங்கும் கருவிக்கும் இந்தியாவில் கருவிவகை ஒப்புதல் தேவை. உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ இதைப் பெற வேண்டும். 2019 முதல் பலவகைக் கருவிகளுக்கு இணையவழித் தன்னறிவிப்பு முறை நடைமுறையில் உள்ளது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கருவிகளில் ஜிக்பீ, த்ரெட், வைஃபை வகைகள், மின்னழுத்தம் பொருந்தினால், கோவையில் பயன்படும். இசட்-வேவ், லோரா கருவிகளை இந்திய அதிர்வெண் குறிக்கப்பட்ட பதிப்பாகவே வாங்க வேண்டும். பெட்டியில் 908, 915, 921 என்ற எண்கள் இருந்தால் அக்கருவி இந்தியப் பயன்பாட்டுக்கு உரியதல்ல.