புற்றுக்காளானும் அறிவின் வரலாறும்

பழந்தமிழிலக்கியத்திலே காளான் வறுமையின் அடையாளமாக வருவதுண்டு. அதனை அன்று ஆம்பி என்றனர். புறநானூற்றில் பெருந்தலைச்சாத்தனார், சமைத்தலை மறந்த அடுப்பிலே ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படையிலோ, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் அது முளைக்கின்றது. கறையானையும் காளானையும் ஒருங்கு நோக்கிய பார்வை தமிழிலே தொன்மையானது என்பது இதனாற் புலனாகும்.

காளான் தேடுவோரிடமும் இப்பார்வை உண்டு. மழை பெய்து நிலம் ஊறியதும், முன்னைய ஆண்டிற் பறித்த அதே புற்றடிக்கே அவர்கள் மீண்டுஞ் செல்வர். ஈரமும் வெம்மையும் உயிருள்ள புற்றும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இக்காளான் கிடையாதென்பது அவர்தம் பட்டறிவு.

இவ்வறிவு ஏட்டிலே ஏறுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. தரங்கம்பாடியிலே மருத்துவராயிருந்த கோனிக், கறையான் புற்றினுள்ளே பங்கசு வளர்வதை 1779இல் எழுதினார். பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே பங்கசு ஆய்வாளராயிருந்த பெற்ச், இலங்கைப் புற்றுகளை அகழ்ந்து ஆராய்ந்து 1906இல் விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் நோய்களைப் பற்றி நூல்கள் எழுதியவரும் இவரே. பிரெஞ்சு அறிஞர் எய்ம் 1942இல் இக்காளான்களுக்குத் 'தேமிற்றோமைசிசு' என்னும் பேரினப் பெயரை வழங்கினார்.

இவ்வாய்வுகளும் பின்வந்தவையும் உணர்த்துவது யாது? கறையான்கள் உலர்ந்த மரத்தையும் சருகையும் உண்டு, தம் கழிவினாற் புற்றினுள்ளே தேனடை போன்ற பாத்திகளை அமைக்கின்றன. அவற்றில் வளரும் பங்கசு, கறையான் தனித்துச் செரிக்கவியலாத மரப்பொருளைச் சிதைத்து உணவாக்குகின்றது. மழைக்காலத்தில் அப்பாத்தியிலிருந்து வேர்போன்ற நீண்ட தண்டு மண்ணைத் துளைத்து மேலெழுந்து குடை விரிக்கின்றது. கறையான் நீங்கிய பாத்தியிலோ வேறொரு கரிய பங்கசே மேலோங்குகின்றது. ஆகவே, புற்று அழியின் காளானும் அழியும்.

இதனை வணிக அளவிற் பயிரிடும் முயற்சி இன்றுவரை கைகூடவில்லை. காட்டை வெட்டிப் புற்றைத் தகர்க்குமிடத்து ஏழையின் உணவொன்று மறைகின்றது. அதனோடு எவ்விடத்தில், எக்காலத்தில் அது முளைக்கும் என்னும் அறிவும் மறைகின்றது. பெயரிட்ட அறிஞரை வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. அவருக்கு முன்னரே இடமும் பருவமும் அறிந்து பறித்தவர்கள் பெயரற்றோராயினர். அவர்தம் அறிவை, அது வழக்கொழியுமுன் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவர்க்குரிய கடமையாகும்.