திறவுகோல் யாரிடம்? கொடைக்கானல் பாதரசத் தொழிலாளரை முன்வைத்து மறையாக்கம் பற்றி ஓர் ஆய்வு

உடலில் சேர்ந்த பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆலையை விட்டு வெளியேறி மூன்று ஆண்டுகள் ஆன தொழிலாளியின் சிறுநீரைச் சோதித்து, அவர் எவ்வளவு ஆவியைச் சுவாசித்தார் என்று சொல்லிவிட முடியாது. வேலை செய்த நாளில் எடுத்து எழுதி வைத்த அளவுதான் எஞ்சும் சாட்சி. அந்த அளவு எழுதிய கோப்பைத் திறவுகோலின்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவதே மறையாக்கம். எனவே அலுவலகக் கோப்புகளின் மறையாக்கம் பற்றிய விவாதத்தை இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தொழிலாளரின் உடல் கெட்டதா இல்லையா என்ற வழக்காடல், 591 முன்னாள் தொழிலாளருடன் 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்படும்வரை நீண்டது. நிறுவனம் அப்போதும் பாதிப்பை ஏற்கவில்லை.

அபாயகரமான ஆலைகளில் மருத்துவப் பதிவேடு வைக்கவும், அதைத் தொழிலாளி பார்க்கவும் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-சி பிரிவு வழிசெய்தது. இன்று அத்தகைய பதிவேடுகள் கணினிக்குள் வைக்கப்படுகின்றன. ஏஇஎஸ் என்னும் மறையாக்கத் தரம் அறிவிக்கப்பட்டது 2001 நவம்பரில், அந்த ஆலை மூடிய அதே ஆண்டில். 256 பிட் திறவுகோலுடன் முறையாகப் பயன்படுத்தினால் அதை நடைமுறையில் உடைக்கும் வழி எதுவும் இன்றுவரை பொதுவெளியில் அறியப்படவில்லை. கவலைக்குரியது அந்த வலிமைதான். பல பாதுகாப்புக் கையேடுகள் வெளியிலிருந்து வரும் திருடனையே எதிரியாகக் கொள்கின்றன. திறவுகோலை வைத்திருப்பவருக்கே அது தொலைவதால் ஆதாயம் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. திறவுகோல் அழிந்தால் கோப்பும் அழிந்தது. தீயும் வேண்டாம், கிழிப்பு இயந்திரமும் வேண்டாம்.

அதற்காகத் திறந்து போட்டுவிடலாமா? கூடாது. சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கருச்சிதைவு ஆகியவை எழுதப்பட்ட தாள் ஒரு சிறிய மலையூரில் கைமாறினால் மகளின் திருமணப் பேச்சு முறியும், அடுத்த வேலை கிடைக்காது. மறைப்பு முதலில் தொழிலாளியின் தேவை. கோப்பையும் கடவுச்சொல்லையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பும் அலுவலக வழக்கம் அவருக்கு இழைக்கும் அநீதி.

எனவே ஒவ்வொருவர் பதிவேட்டுக்கும் தனித் திறவுகோல் வேண்டும். அதை மருத்துவரின் பொதுத் திறவுகோலாலும் தொழிலாளியின் பொதுத் திறவுகோலாலும் தனித்தனியே பொதிந்து வைக்கலாம்; பொதுத் திறவுகோலால் யாரும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம். மூன்றாவதாக ஒரு காப்புப்பொதி. இதற்கு ஆதி ஷாமிர் 1979இல் தந்த வழி இருக்கிறது. திறவுகோலை இருபடி வளைகோடு ஒன்றில் ஒளித்து, அதன் மீதுள்ள ஐந்து புள்ளிகளை ஐந்து பேரிடம் கொடுக்கிறோம். எந்த மூன்று புள்ளிகள் சேர்ந்தாலும் அந்த இருபடி வளைகோடு கிடைத்துவிடும். இரண்டு மட்டும் இருந்தால் எண்ணற்ற வளைகோடுகள் பொருந்தும், ரகசியம் வெளிப்படாது. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள பழனியின் கோயில் உண்டியலை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதன்று: பூட்டு ஒன்றுக்கு மேல், சாவி ஒருவரிடமே இல்லை, திறப்பது பலர் முன்னிலையில். உண்டியலுக்கு எல்லாச் சாவிகளும் வேண்டும். ஷாமிர் முறையில் இருவர் இறந்தாலும், மறுத்தாலும் கதவு திறக்கும். ஆலை நிர்வாகம், தொழிற்சங்கம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், ஆலை மருத்துவர், தொழிலாளர் நீதிமன்றம் என ஐவரை நான் முன்மொழிவேன். நிர்வாகத்துக்கு ஒரு பங்குக்கு மேல் தரக் கூடாது.

கால நீளம் இன்னொரு சிக்கல். இப்பதிவேடுகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் பேச வேண்டியவை. குவாண்டம் கணினி வலுப்பெற்றால் ஆர்எஸ்ஏ என்னும் பொதுத் திறவுகோல் முறையில் செய்த இன்றைய பொதிகள் பிரியும். அதற்கு மாற்றான முதல் தரங்கள் 2024 ஆகஸ்டில் வெளிவந்துவிட்டன. ஆகவே பொதிகளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஐவரில் மூவர் கூடி, சோதனைக்கென்றே வைத்த மாதிரிப் பதிவேடு ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். ஆலை மூடும் அறிவிப்போடு திறவுகோல் ஒப்படைப்புச் சான்றும் இணைய வேண்டும். கடைசிச் சம்பளச் சீட்டோடு, அவரவர் பதிவேட்டின் அச்சுப்பிரதி தொழிலாளியின் கையில் சேர வேண்டும்.