வேட்டை நாய்க்கு என்ன கூலி?

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக் குட்டி வேணும்னா சென்னைக்காரங்க முன்பெல்லாம் சைதாப்பேட்டைக்குப் போவாங்க. அங்கே கால்நடைத்துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவு 2016-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. இப்போதும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் இந்தக் குட்டிகளுக்குக் குறைவில்லை. கூடவே ஒரு புகாரும் உண்டு: "நாட்டு நாய்க்குப் புத்தி கம்மி, கூப்பிட்டா வராது." புகாருக்கு அடுத்தபடி அடி, அதுக்கும் மசியலைன்னா தெருவில் விட்டுடறாங்க.

வரலாற்றைப் பார்த்தால் இந்தப் புகார் நிற்காது என்பது என் கட்சி.

சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் காடுகளில் முயல் விரட்ட வளர்த்த இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. முயல் கிளம்பியதும் நாய் கண்காணாத தூரம் போயிடும். அங்கே ஆள் கத்தி என்ன பிரயோஜனம்? எங்கே மறிக்கணும், எப்போ திரும்பணும்னு நாய்தான் முடிவு செய்யணும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்ததைத்தான் நல்ல நாய் என்று வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் திமிர் என்று சொல்வது அந்தக் குணத்தைத்தான். அதற்குக் கூலி, துரத்துகிற சுகமும் பிடித்ததில் ஒரு பங்கும்.

இந்தப் பங்கு ஐரோப்பாவில் ஒரு சடங்காகவே இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஸ்தோன் ஃபெபுஸ் என்ற பிரெஞ்சுப் பிரபு வேட்டை பற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது. அந்தக் கால வழக்கப்படி மான் விழுந்ததும் அதன் தோலை விரித்து, குடலும் ரத்தத்தில் ஊறிய ரொட்டியும் வைத்து நாய்களைக் கூப்பிடுவார்கள். இரையைக் குறிக்கும் 'குவாரி' என்ற ஆங்கிலச் சொல் அந்தப் படையலிலிருந்து வந்ததுதான். (கல் குவாரி வேறு!)

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தம் ஏறக்குறைய முழுசாகவே நிறுத்தியது. நியாயமான சட்டம்தான். ஆனால் நாயின் கூலியும் அதோடு போச்சு. வேலை போன நாய் மாடிவீட்டுக்கு வந்தது, கையில் குச்சியோடு நாம் நின்றோம்.

குச்சிக்கும் ஒரு பரம்பரை உண்டு. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய கையேட்டில் கட்டாயத்துக்குப் பெரிய இடம். 1951-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு வழியை எழுதினார்: நாய் சரியாகச் செய்த அந்த நொடியில் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு வாய் தீனி. நொடி தப்பினால் நாய் வேறெதையோ கற்றுக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ஒரு மூன்று மாதச் சிப்பிப்பாறைக்கு இதைச் செய்து பார்த்தோம். வேகவைத்த கோழி ஈரல், நிலக்கடலை அளவு துண்டு, சாப்பாட்டுக்கு முன்னால். பிஸ்கட் வேண்டாம், சர்க்கரை; சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். முதலில் ரெண்டடி தூரம், அப்புறம் வாசல், அப்புறம் தெருமுனை. பத்து நாளில் பேர் சொன்னால் திரும்பி ஓடி வந்தது. பூனை குறுக்கே போனால் மட்டும் இன்னும் வரமாட்டேங்குது. பூனை ஈரலைவிடப் பெரிய கூலி போல. அதுவரை கயிற்றை அவிழ்ப்பதில்லை.