ஈதரைத் தேடிய ஆராய்ச்சி

ஓர் ஆராய்ச்சியில் எதிர்பார்த்த விடை கிட்டாவிடின் அதனைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது உலக வழக்கு. ஆனால், 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி, எதிர்பார்த்தது கிட்டாமையாலேயே பௌதிக வரலாற்றில் நிலைத்த புகழ் பெற்றது.

ஒளி ஓர் அலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களின் துணிபு. நீரலைக்கு நீரும், ஒலியலைக்குக் காற்றும் இருப்பதுபோல ஒளியலைக்கும் ஓர் ஊடகம் இருத்தல் வேண்டும் என்று கருதி, அதற்கு ‘ஈதர்’ என்று பெயரிட்டனர். அண்டமெங்கும் ஈதர் அசையாது நிறைந்திருக்குமாயின், வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கதிரவனைச் சுற்றும் பூமியின்மீது ஈதர்க்காற்று வீசியாக வேண்டும். ஆற்றின் ஓட்டத்தோடு நீந்திச் சென்று எதிர்த்து மீள்பவன், அதே தொலைவைக் குறுக்கே நீந்தி மீள்பவனுக்குப் பிந்தியே கரை சேர்வான். ஒளிக்கும் அவ்வாறே காலம் வேறுபட வேண்டும்.

ஆயினும் அவ்வேறுபாடு பத்துக் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவினது. பூமியில் செய்யும் எந்தச் சோதனைக்கும் அஃது அகப்படாது என்று 1879-இல் மாக்ஸ்வெல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதனை அகப்படுத்த முனைந்தவர் ஆல்பர்ட் மைக்கல்சன். ஒளிக்கற்றை ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் செலுத்தி, கண்ணாடிகளால் திருப்பி மீண்டும் இணைத்தால், வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரிகளாகத் தோன்றும். ஒரு கற்றை சற்றே பிந்தினாலும் வரிகள் இடம்பெயரும். இக்கருவியைக் கொண்டு 1881-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் முதற் சோதனையைச் செய்தார். பின்னர்க் கிளீவ்லாந்தில் வேதியியல் அறிஞர் எட்வர்ட் மோர்லி அவருக்குத் துணையானார்.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சதுரமான மணற்கற் பலகையின்மேல் கருவியை அமைத்து, அப்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, மெல்லச் சுழற்றினர். ஒளி பன்முறை திருப்பப்பட்டமையால் ஒவ்வொரு வழியின் நீளமும் 11 மீட்டர் அளவாயிற்று. வரியகலத்தில் 0.4 பங்கு பெயர்ச்சி வரவேண்டும் என்பது கணக்கு. கண்டதோ, அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈதர்க்காற்று வீசவே இல்லை!

இதனை விளக்க, இயங்கும் பொருள்கள் தாம் செல்லும் திசையில் சுருங்குகின்றன என்று 1889-இல் பிட்ஸ்ஜெரால்டும், 1892-இல் லோரென்ட்ஸும் தனித்தனியே கூறினர். 1905-இல் ஐன்ஸ்டீன் ஈதரே வேண்டுவதில்லை என்றார். எத்திசையில் திரும்பினாலும், எந்தச் சீரான வேகத்தில் சென்றாலும், இயற்கை விதிகள் மாறா. இதுவே லோரென்ட்ஸ் சமச்சீர் எனப்படுவது.

இவ்வளவு உறுதிப்பட்ட விதியை மீண்டும் சோதிப்பானேன்? செங்குத்தாக நிறுத்திய கோலுக்கு எல்லாத் திசையும் ஒன்றே. ஆயினும், விழும்போது ஒரு திசையில்தான் விழும். விதியில் பாகுபாடு இல்லை. விழுந்து கிடக்கும் நிலையில் உண்டு. 770 செல்சியஸ் பாகைக்குமேல் காய்ச்சிய இரும்பு குளிர்கையில், அதன் ஒவ்வொரு சிறு பகுதியிலும் அணுக்காந்தங்கள் தாமாகவே ஒருமுகப்படுகின்றன. இதனைத் தன்னியல்பான சமச்சீர் முறிவு என்பர். இக்கருத்தை அணுவினும் நுண்ணிய துகள்களுக்கு 1960-இல் பொருத்திக் காட்டிய யோய்ச்சிரோ நம்பு, 2008-இல் நோபெல் பரிசு பெற்றார். வெற்றிடமே இவ்வாறு ஒரு திசையைத் தேர்ந்திருக்கக் கூடும் என்று, இழைக் கொள்கையின் அடிப்படையில் 1989-இல் கோஸ்டெலெக்கி, சாமுவேல் ஆகிய இருவரும் எடுத்துரைத்தனர். அங்ஙனமாயின் லோரென்ட்ஸ் சமச்சீரில் எங்கோ ஒரு நுண்ணிய பிசகு இருத்தல் வேண்டும்.

அதனைத் தேடும் பணி ஓயவில்லை. அதற்கு முன்பே, 1961-இல், ஸ்காத்லாந்தின் ரொனால்ட் டிரீவர், பூமியின் சுழற்சியோடு லிதிய அணுக்கருக்களின் அதிர்வு மாறுகிறதா என்று சோதித்திருந்தார், மாறவில்லை. 2009-இல் பெர்லின் அறிஞர்கள் மைக்கல்சன் சோதனையைப் புதுக்கருவிகொண்டு செய்தனர். 1-ஐ அடுத்து 17 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கு என்னும் அளவிலும் வேறுபாடு தென்படவில்லை. அதே ஆண்டில், 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த காமாக் கதிர்கள் ஒரு விண்கலத்திற் பதிவாயின. அவற்றுள் ஆற்றல் மிக்கதும் குறைந்ததும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்தன.

2011-இலோ இதற்கு மாறான செய்தி ஒன்று பரவியது. நியூட்ரினோத் துகள்கள் ஒளியை முந்தின என்று இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. அக்குழுவினரே துருவி ஆராய்ந்து, சரியாகப் பொருந்தாத கம்பியிணைப்பே அதன் முக்கியக் காரணம் என்று 2012-இல் வெளிப்படுத்தினர்.

எதிர்பார்த்த விடை வராதபோது, ஏட்டிலுள்ள எண்ணைத் திருத்தி எழுதும் மாணவர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஈதரை நம்பியே தேடப் புகுந்த மைக்கல்சனும் மோர்லியும் கண்டதைக் கண்டபடி எழுதினர். அவ்வெண்ணை அவர்கள் திருத்தியிருந்தால், ஈதர் இன்னும் சில காலம் பாடநூல்களில் வாழ்ந்திருக்கும். ஆய்வகத்தில் நிற்கும் மாணவருக்கு ஆசிரியர் சொல்லத்தக்க கதை இது.